ஏழாம் பெட்டி

கதவைத் திறப்பதற்கு முன்பே குளிர்காரருக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே ஒன்று குறைகிறது என்று. ஒன்பது பெட்டிகள் சேர்ந்து போடும் இரைச்சல் அவருக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எது மூச்சு வாங்குகிறது, எது இருமுகிறது, எது வேலை செய்வதுபோல் பாசாங்கு பண்ணுகிறது என்று வெளியே செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். எட்டு நாள் லீவு முடிந்து வந்த அன்று காலை, குனிந்து ரப்பர் செருப்பை மாட்டியவர் அப்படியே நின்றார். இருக்கிற சத்தங்களிலேயே மெல்லிய சத்தம், நல்ல சத்தம், அது மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடம் அது. ஒரு பக்கம் சலவைக்கூடம், இன்னொரு பக்கம் பிணவறை. நடுவில் இந்தச் சாம்பிள் கூடம். நோயாளிகளிடமிருந்து எடுத்த ரத்தம், சதைத் துண்டு, எலும்புச் சீவல் எல்லாம் சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில் அடைபட்டு, மைனஸ் எண்பது டிகிரியில் ஆள் உயரப் பெட்டிகளுக்குள் கிடக்கும். என்றைக்காவது ஒரு டாக்டருக்கோ ஆராய்ச்சிக்காரருக்கோ தேவைப்படும் என்று வைத்திருப்பது. அந்தப் பெட்டிகளைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஆஸ்பத்திரி முழுக்க அவரைக் குளிர்காரர் என்றுதான் கூப்பிடும்.

உள்ளே போனார். ஆறாம் பெட்டிக்கும் எட்டாம் பெட்டிக்கும் நடுவில் தரை சதுரமாக வெளுத்துக் கிடந்தது. நான்கு மூலையிலும் சக்கரம் அழுத்திய குழி. ஓரமாக ஒரு கைப்பிடித் தூசி. அவ்வளவுதான்.

"ஏழு எங்கம்மா?"

பதிவு மேஜையில் இருந்த பதிவம்மா நிமிர்ந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருகிறவள். காகித ரிஜிஸ்டர் காலத்திலிருந்து இருக்கிறாள்.

"வாங்கண்ணே. பையன் எப்படி இருக்கான்? நடக்கிறானா?"

"ஏழு எங்கன்னு கேட்டேன்."

"அடேயப்பா, வந்ததும் வராததுமா! வித்தாச்சு. செவ்வாக்கிழமை லாரி வந்து ஏத்திட்டுப் போயிட்டாங்க. உங்க ஃபோனுக்கும் மெசேஜ் வந்திருக்குமே."

வந்திருக்கும். எட்டு நாளும் அவர் தொலைவூர் ஆஸ்பத்திரியில் மகன் கட்டிலடியில் பாய் விரித்துக் கிடந்தவர். மெசேஜா பார்த்தார்?

"யாரைக் கேட்டு வித்தாங்க?"

"என்னைக் கேட்டா? டோக்கன்காரங்க ஓட்டுப் போட்டாங்க. அதோ வராரு, அவரைக் கேளுங்க."

வந்தவன் மேனேஜர். முப்பது வயதுகூட இருக்காது. கம்பெனி அனுப்பிய ஆள். டோக்கன் தம்பி என்று முதுகுக்குப் பின்னால் பேர்.

அந்தக் கம்பெனி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மின்சாரக் கட்டணம் கட்ட வழியில்லாமல் கூடத்தையே இழுத்து மூடுவதாக இருந்தார்கள். அப்போது இவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு டிஜிட்டல் டோக்கன் போடுவோம் என்றார்கள். குப்பி இங்கேயே உறைந்து கிடக்கும். அதன் டோக்கன் பிளாக்செயின் என்கிற ஏட்டில் உலகம் சுற்றும். யார் யாரோ அதை வாங்குவார்கள், விற்பார்கள். அந்தக் காசில் பெட்டிகள் ஓடும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று டோக்கன் வைத்திருப்பவர்களே ஓட்டுப் போடுவார்கள். "ஒரு தடவை எழுதினா எழுதினதுதான்ணே. ஆயிரம் கம்ப்யூட்டர்ல காப்பி இருக்கும். யாராலும் அழிக்க முடியாது" என்று டோக்கன் தம்பி முதல் நாள் பாடம் எடுத்தபோது, "தப்பா எழுதிட்டா?" என்று குளிர்காரர் கேட்டார். அவன் சிரித்தான். "தப்பே வராதுண்ணே, அதுக்குத்தானே இது" என்றான். குறை சொல்லக் கூடாது, அந்தக் காசில்தான் ஏழாம் பெட்டியே வந்தது. புத்தம் புதுசு.

"இருக்கறதுலயே நல்ல பெட்டிய வித்திருக்கீங்களே தம்பி" என்றார் இப்போது.

"நல்ல பெட்டியத்தானேண்ணே வாங்குவாங்க? உங்க நாலாம் பெட்டியச் சும்மா குடுத்தாலும் எவனாவது தூக்குவானா? டோக்கன் விலை பாதாளத்துக்குப் போயிடுச்சு. எதையாவது வித்தாத்தான் மத்தது ஓடும்னு ஓட்டு. தொண்ணூறு சதவீதம் ஆமான்னு போட்டுட்டாங்க."

"அதுல இருந்த குப்பிங்க?"

"உயிரோட இருக்கற டோக்கன் எல்லாத்தையும் பத்திரமா மத்த பெட்டிக்கு மாத்தியாச்சு. இந்த அக்கா கூடவே நின்னாங்க. ஒரு வருஷமா ஓனர் தொடாத டோக்கனை மட்டும் கழிச்சாச்சு."

குளிர்காரர் பதிவம்மாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். "ரெண்டாயிரத்து நூத்திப் பதினாறைக் கொஞ்சம் பாரும்மா."

"அது யாரு?"

"பாரேன்."

அவள் தட்டினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. "செத்த டோக்கன்ணே. கழிவுல போயிருக்கு. செவ்வாய் சாயங்காலமே எரிச்சாச்சு. ஏன், தெரிஞ்சவங்களா?"

குளிர்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த எண் ஒட்டிய குப்பிக்குள் இருந்தது அவர் மகள்.

இதை ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயதில் கால் பின்ன ஆரம்பித்தது. படியில் விழுந்தாள், பிறகு சமதரையில் விழுந்தாள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. பதினொன்றரை வயதில் போய்விட்டாள். என்ன நோய் என்று ஒருவராலும் பெயர் சொல்ல முடியவில்லை. கடைசி வாரத்தில் தொடைச் சதையில் ஒரு துண்டு எடுத்து வைத்தார்கள். அப்பா வேலை பார்க்கிற கூடத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் கையாலேயே நாலாம் பெட்டியில் வைத்தார். அன்று கதவைச் சாத்த அவருக்கு மனசு வரவில்லை. வெப்பநிலை ஏறி அலாரம் அடித்த பிறகுதான் சாத்தினார்.

கம்பெனி வந்தபோது, முதல் டோக்கனை அந்தந்தக் குடும்பத்துக்கே கொடுத்தார்கள். பலர் விற்றுவிட்டார்கள். குளிர்காரர் மனைவி விற்கவில்லை. அவள் ஃபோனில் அது ஒரு பச்சைப் புள்ளி. தினமும் காலையில் பல் தேய்த்ததும் அதை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். "பொண்ணு நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். கேட்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். இருக்கட்டுமே, அவளுக்கு அதில் ஒரு ஆறுதல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் நாலாம் பெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தது. கம்ப்ரசர் இப்போதோ அப்போதோ என்று முனகியது. பக்கத்தில் ஏழாம் பெட்டி புதுப்பெண் மாதிரி நின்றுகொண்டிருந்தது. பெட்டி வேலை பார்க்கிற எந்த மனுஷனுக்கும் அந்த நேரத்தில் ஒரே எண்ணம்தான் வரும். ஒரு குப்பியை இடம் மாற்ற வேண்டுமென்றால் பிளாக்செயினில் மனு போட்டு, காரணம் எழுதி, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். சொந்தக் காரணம் செல்லாது. எல்லாரும் கேட்பார்களே! அதனால் குளிர்காரர் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பதிவம்மா கீழே போயிருந்தபோது, ஏழாம் பெட்டியிலிருந்து அதே நிற மூடி போட்ட ஒரு சதைக் குப்பியை எடுத்தார். இரண்டுக்கும் புது லேபிள் அடித்து, ஒன்றின் எண்ணை மற்றதில் ஒட்டி, இடத்தை மாற்றி வைத்தார். கையுறைக்குள் விரல் மரத்துப்போவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மகள் ஏழாம் பெட்டிக்குப் போனாள், இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு என்கிற யாருடைய எண்ணிலோ. அந்த யாரோ நாலாம் பெட்டிக்கு வந்தார், மகளின் எண்ணில். அந்த யாரோ யார் என்று இந்த மூன்று வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

நாலாம் பெட்டி நிற்கவே இல்லை. இன்றைக்கும் இருமிக்கொண்டு ஓடுகிறது.

இப்போது சின்னவனுக்கு ஒன்பது வயது. இரண்டு மாசமாகக் கால் பின்னுகிறது. தொலைவூர் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா விவரம் தெரிந்தவர். எட்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல ரெண்டு வகை இருக்கு. ஆரம்பத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒண்ணுக்கு ஊசி இருக்கு, போட்டா அப்படியே நிக்கும். இன்னொண்ணுக்கு அதே ஊசியப் போட்டா மூச்சுத் தசை நின்னுடும். இவனுக்கு இப்பத்தான் ஆரம்பம், இவன் சதைல இன்னும் ஒண்ணும் தெரியாது. அக்காவுக்கு முத்தின நிலைல எடுத்தது இருக்கில்ல? அதைப் பாத்தா எதுன்னு சொல்லிடலாம்."

குளிர்காரர் அதைக் கேட்டுச் சந்தோஷம்தான் பட்டார். ஊருக்குப் போனதும் லேபிளைத் திரும்ப மாற்றிவிட்டுக் குப்பியை அனுப்பிவிடலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. "நான் போய்ப் பாத்து அனுப்பறேன், அதுவரைக்கும் பொறு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் பொறுக்கவில்லை. எந்தத் தாய் பொறுப்பாள்? இவர் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் ஃபோனில் பச்சைப் புள்ளியைத் தொட்டாள், "ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதமா" என்று கேட்டது, ஆமாம் என்று அழுத்தினாள். அன்றைக்கே குப்பி கிளம்பிவிட்டது. அவரிடம் அவள் சொல்லவில்லை. நல்ல சேதி வந்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

அந்தச் சேதிதான் பதினோரு மணிக்கு ஃபோனில் வந்தது. குளிர்காரர் வெளுத்த சதுரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? உக்காருங்க முதல்ல. உக்காந்துட்டீங்களா?" மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். "டாக்டரம்மா பேசினாங்க. நல்ல வகைதானாம்! ஊசி போடலாமாம். பாப்பாவோட குப்பியப் பாத்துத்தான் சொன்னாங்க. செத்தும் தம்பியக் காப்பாத்திட்டா எம் பொண்ணு."

"எந்தக் குப்பி?"

"எந்தக் குப்பியா? நம்ம பாப்பாவோடதுதான். நான் அங்கயே சம்மதம் குடுத்துட்டேன். கோவப்படாதீங்க. ஊசி வந்திறங்கிடுச்சாம், நாலு மணிக்கு நர்ஸ் வீட்டுக்கே வராங்க. சீக்கிரம் வந்துடுங்க, என்ன?"

அவர் "சரி" என்றார்.

அதற்கப்புறம் அந்த மனுஷர் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிஷமே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாலாம் பெட்டியைத் திறந்து, கதவு ரப்பரில் படிந்திருந்த பனியைச் சுரண்டினார். வேலை என்று ஒன்று கையில் இருந்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தார். அடங்கவில்லை. சுரண்டிக்கொண்டே கணக்குப் போட்டார். பாதிக்குப் பாதி. அந்த யாரோவின் சதையைப் பார்த்துச் சொன்ன சொல் தற்செயலாகச் சரியாகவே இருக்கலாம். சின்னவனுக்கு நல்ல வகையாகவே இருக்கலாம். ஊசி போட்டால் பிழைக்கலாம். வாயைத் திறந்தால் ஊசியும் நிற்கும், வேலையும் போகும், ஜெயிலும் கிடைக்கும், அவள் முகத்தில் இன்றைக்கு வந்த சிரிப்பும் போய்விடும். வாயை மூடிக்கொண்டால்? மூச்சுத் தசை நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்ன இடத்தில் கணக்கு நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இரண்டே முக்காலுக்குப் பதிவம்மா வந்து தோளைத் தொட்டாள். "அண்ணே, என்ன பண்றீங்க? ரப்பரே கிழியுது. கையப் பாருங்க, கையுறை போடல."

விரல்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"நான் வீட்டுக்குப் போகணும்மா" என்றார்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஏறும்போது மணி நாலு பத்து. கதவு திறந்தே இருந்தது. சின்னவன் சோபாவில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தான். கால்சட்டையைத் தொடைவரைக்கும் சுருட்டி விட்டிருந்தார்கள். நர்ஸ் பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் ஊசி தயாராக இருந்தது.

"அப்பா, எனக்கு வலிக்கலன்னா சைக்கிள் வாங்கித் தரியா? அம்மா உன்னைக் கேக்கச் சொல்லிட்டாங்க."

"ஐயோ, கெட்டிக்காரன்! ஊசி போடறதுக்கு முன்னாடியே பேரம் பேசறான்" என்று நர்ஸ் சிரித்தாள். ஊசியைக் கையில் எடுத்தாள்.

"போடாதீங்க."

"என்ன சார்?"

"போடாதீங்கம்மா. கீழ வைங்க."

மனைவி சமையலறையிலிருந்து பால் டம்ளரோடு வந்தாள். "என்னங்க, என்ன ஆச்சு? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"அது பாப்பாவோடது இல்ல."

"எது?"

"அவங்க பாத்த குப்பி. அது பாப்பாவோடது இல்ல. வேற யாரோடதோ."

"உளறாதீங்க. பாப்பா நம்பர்தானே? நான் பாத்தேனே, புள்ளி, நம்பர், எல்லாம் சரியா இருந்துச்சே."

"நம்பர் பாப்பாவோடது. உள்ள இருந்தது வேற. நான்தான் மாத்தினேன்."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. நாலாம் பெட்டி இழுத்தது, லேபிள் அடித்தது, ஏழாம் பெட்டியை விற்றது, செவ்வாய்க்கிழமை எரித்தது. மனைவி பால் டம்ளரைப் பிடித்தபடியே கேட்டாள். நர்ஸ் ஊசியை டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் மூட வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

டாக்டரம்மாவை நர்ஸே ஃபோனில் பிடித்துக் கொடுத்தாள். சத்தமாக வைத்தார்கள்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியல" என்றார் டாக்டரம்மா. "பிளாக்செயின்ல பதிவு சுத்தமா இருக்கு. டோக்கன் போட்ட நாள்லேர்ந்து ஒரு கை மாறல."

"பதிவு சுத்தம்தான்ம்மா. குப்பிதான் மாறிடுச்சு."

அந்தப் பக்கம் டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார். "முன்னாடியெல்லாம் ரத்த உறவு சேருதான்னு ஒரு தடவை பாத்துட்டுத்தான் தொடுவோம். பிளாக்செயின் வந்தப்புறம் அது தேவையில்லன்னு நிறுத்திட்டாங்க" என்றார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "ஊசி போட்டுட்டீங்களா?"

"இல்ல."

"நல்லவேளை. போடாதீங்க. பாப்பாவோடது வேற எங்கயாவது இருக்கா? ஒரு முடி, பல், ஏதாவது?"

"முடி இருக்கு டாக்டர்" என்று மனைவி அவசரமாகச் சொன்னாள். "சீப்புல இருந்தத எடுத்து வெச்சிருக்கேன்."

"முடில இது தெரியாதும்மா. சதைதான் வேணும்." டாக்டரம்மா பெருமூச்சு விட்டது ஃபோனில் கேட்டது. "இனிமே காத்திருக்கணும். இவனுக்கு நோய் முத்தி, இவன் சதைலயே தெரியற வரைக்கும். ஒரு வருஷம் ஆகலாம்."

"தெரிஞ்சப்புறம் ஊசி போடலாமா?"

"அப்பப் போட்டாப் பெருசாப் பலன் இருக்காதும்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"இப்பவே போட்டுடலாமா டாக்டர்? ஒருவேளை நல்ல வகையா இருந்தா..."

"அதை நான் சொல்ல முடியாது. நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும். ஊசி நாலு நாள் தாங்கும். யோசிச்சுச் சொல்லுங்க." பிறகு குளிர்காரரிடம், "இதை நான் மேல எழுதித்தான் ஆகணும்" என்றார்.

"எழுதுங்கம்மா."

நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சின்னவனுக்கு ஊசி இல்லை என்பது மட்டும்தான் காதில் ஏறியது. பெரிய சந்தோஷம். நர்ஸை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்று கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினான். மூன்று மாடியும் இறங்கிவிட்டான். தாயும் தகப்பனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பின்னால் இறங்கினார்கள். சாயங்கால வெயில் தெருவில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. நர்ஸ் வண்டியை உதைத்தாள், கையசைத்தாள், போய்விட்டாள்.

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அவ நாலாம் பெட்டிலயே இருந்திருந்தா?"

"இருந்திருப்பா."

"மாத்தின இடத்துல அவ பேரோட இருந்திருந்தா? விக்கும்போது வேற பெட்டிக்கு மாத்தியிருப்பாங்களா?"

"மாத்தியிருப்பாங்க. நீ தினம் தொட்டியே."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு நாலாம் பெட்டிய நம்பவே முடியல" என்றார். "பயந்துட்டேன். எங்கயாவது பத்திரமா இருக்கட்டும்னுதான்..."

அவள் சின்னவனைக் கூப்பிட்டுக்கொண்டு மாடி ஏறினாள். முதல் மாடி வரைக்கும் அவன் படிகளை எண்ணிக்கொண்டே போனான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வலது கால் இடது காலோடு பின்னிக்கொண்டது. முழங்கால் படி விளிம்பில் மோதியது. "ம்மா" என்றான். பின்னால் வந்த குளிர்காரர் இரண்டு படியைத் தாண்டிப் பாய்ந்து, அவன் அக்குளில் கையைக் கொடுத்தார்.

மனைவி குனிந்து அந்தக் கைகளைப் பிடித்து விலக்கினாள். கோபமாக இல்லை. காய்ச்சல்காரர் போர்வையை விலக்குவது போல மெதுவாக.

"வேணாம். விடுங்க" என்றாள். "இவனையும் பத்திரமா வைக்கிறேன்னு நீங்க எதுவும் பண்ணிடாதீங்க."

சின்னவனை அவளே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கனம் தாங்காமல் கைப்பிடிச் சுவரைப் பற்றிப் பற்றி ஏறினாள். குளிர்காரர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு படி கீழேயே, பின்னால் போனார்.